ரோஸ்லின் அக்காவின் நீலக்கொடி

ரோஸ்லின் அக்கா இறந்த செய்தி காலை ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்திலேயே பெங்களூரு பீன்யாவில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டது. எனக்கு அது டிபன் இடைவேளையில்தான் கிடைத்தது. நடுவில் இருந்த நேரம் முழுக்க அது சூப்பர்வைசரின் சட்டைப் பையில், அவருடைய கைப்பேசிக்குள் கிடந்தது. எங்கள் கைப்பேசிகளை வாசல் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அக்காவின் மகள் ஜெனிஃபர் என்னைப் பலமுறை அழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரை அழைத்திருக்கிறாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா லைன் நின்னுரும்மா. இன்னைக்கு டிஸ்பாட்ச் இருக்குல்ல," என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இந்த நினைவு மலருக்கு அஞ்சலி எழுதச் சொன்னவர்கள் 'அன்பானவர், அடக்கமானவர், பொறுமைசாலி' என்று எழுதினால் போதும் என்றார்கள். ரோஸ்லின் அக்கா அன்பானவர்தான். மற்ற இரண்டும் பொய். அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்காக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். குள்ளமான உருவம், அகன்ற தோள், தெருமுனையில் கூப்பிட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்க்கும் குரல். கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "போனதுக்கு ஏன்டீ அழணும்? அவன் குறட்டைய நீ கேட்டதில்ல," என்பார். கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் வேலை எங்களுக்கு. நான் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்து சேர்ந்தபோது அவருக்கு அடுத்த மேசையில் நிறுத்தினார்கள். அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் நாளே, "உன் ஸ்டூலு ஆடுது, என் ஸ்டூலு ஆடல, கண்ணு வெக்காத," என்றார். அப்படித்தான் பழக்கமானோம்.

தினமும் சைக்கிளில் வருவார். கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த கறுப்பு லேடீஸ் சைக்கிள். ஜெயமஹால், மேக்ரி சர்க்கிள், யஷ்வந்த்பூர் என்று லாரிகளுக்கும் கம்பெனி கேப்களுக்கும் நடுவே புகுந்து வருவார். பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே, ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ஸு இலவசம்தான்டீ கோமதி. பின்னாடி நிக்கறவன் நம்மளையும் இலவசம்னு நெனச்சுக்கறான்."

சாலையோரம் ஆளில்லாமல் நிற்கும் கார்களைத் தாண்டும்போதுகூட மணி அடித்துக்கொண்டே போவார். "கார்ல ஆள் இல்லக்கா," என்பேன். "தெரியும். இருந்தா மணி அடிச்சிருக்க மாட்டேன், திட்டியிருப்பேன்."

எங்கள் லைனின் டோக்கனைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சூப்பர்வைசர் மேசையின் பக்கவாட்டில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தகடு தொங்கும். கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு லைனுக்கு ஒரு தகடு. அது ஆணியில் இல்லையென்றால் வேறு யாரோ போயிருக்கிறார்கள், காத்திரு என்று அர்த்தம். ஆணியில் இருந்தாலும் எடுக்கும்போது சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்ப்பார், கடிகாரத்தையும் பார்ப்பார். ஆண்கள் லைனிலும் இதே விதிதான். ஆனால் அவர்கள் டீ குடிக்கக் கிளம்பும்போதே காம்பவுண்டுச் சுவரோரம் வேலையை முடித்துவிடுவார்கள். நாங்கள் வேறு வழி கண்டுபிடித்தோம். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணும் முதல் மாதத்திலேயே இதைப் பழகிவிடுவாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவின் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படி நிறைந்திருக்குமோ அப்படியே சாயங்காலம் வீட்டுக்குப் போகும்.

இனி சைக்கிள் யாத்திரை.

அக்காவின் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்டு கடைசியில் காவி கட்டிய ஆண்கள் கூட்டமாக சைக்கிளில் வேளாங்கண்ணிக்குக் கிளம்புவார்கள். ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் மூங்கில் குச்சியில் மாதா படம் போட்ட ஒரு சிறு நீலக்கொடி. பின்னாலேயே அரிசி, பாத்திரம், கஞ்சிக் குண்டான் ஏற்றிய டெம்போ. வழியில் எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. டயர் வெடித்தால் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். ஏறினால் கொடியை இறக்கிக் கொடுத்துவிட வேண்டும். ஏறாமல் போய்ச் சேர்ந்தவர்களின் கொடி திரும்பி வந்து கோவிலில் கண்ணாடி அலமாரியில் இருக்கும். அந்த ஆள் எப்போது இறந்தாலும் அந்தக் கொடியை எடுத்துச் சவப்பெட்டியின் மேல் விரிப்பார்கள். பேட்டையில் அது பெரிய மரியாதை. பணக்காரச் சாவுக்கும் கிடைக்காது, கேட்டாலும் கிடைக்காது.

பெண்கள் டெம்போவில் போவார்கள். சமைக்க.

யாத்திரைக் குழுவின் தலைவர் எட்வின் அண்ணன். ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர். போன வருடம் குழுக் கூட்டத்துக்கு அக்கா போய், தானும் சைக்கிளில் வருவதாகச் சொன்னார். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"ரோஸி, பொம்பளைங்க வண்டில வரட்டும்மா. கஞ்சி காய்ச்ச ஆள் வேணும்ல?" என்றார் எட்வின் அண்ணன்.

"நீ காய்ச்சு, நான் ஓட்டுறேன்."

கூட்டத்தில் சிரிப்பு. எட்வின் அண்ணனும் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவர்கள் கோவிலின் பங்குச் சாமியார்தான் நடுவில் புகுந்து, "போகட்டுமே," என்றார். அக்கா பெயருக்கும் ஒரு கொடி கொடுத்தார்கள். நான் அந்தக் கோவிலும் இல்லை, அந்த மதமும் இல்லை. அதனால் எனக்குக் கொடி கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. நான் ஏன் போனேன் என்றால், அக்கா சொன்ன ஒரு காரணம்தான்: "ஒருத்தி போனா பைத்தியம்பாங்க. ரெண்டு பேர் போனா கோஷ்டிம்பாங்க. வா."

கிளம்பிய அன்று ஓசூர் ரோட்டில், இறுக்கமான உடையும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு சைக்கிள் கூட்டம் எங்களைத் தாண்டியது. ஐடி ஆட்கள். அவர்கள் சைக்கிள் ஒவ்வொன்றும் எங்கள் லைனில் பாதிப் பேரின் கல்யாணச் செலவு. அதில் ஒருவர் வேகத்தைக் குறைத்து, காவிப் புடவையில் அக்காவைப் பார்த்து, "சாரிட்டி ரைடா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா சார். எங்களுக்குத்தான்."

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். புரிந்ததோ என்னவோ.

வழியெல்லாம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என்ன வேண்டுதல்? கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டார். "நல்ல மாப்பிள்ளை கிடைக்கணும்னு," என்றார் அக்கா. அவர் என்னைப் பார்த்து, "பொண்ணுக்கா?" என்றார். "இல்லப்பா, எனக்கு." ஊத்தங்கரையில் இளநீர்க்காரி கேட்டபோது, "இருந்த மாப்பிள்ளை திரும்பி வந்துரக்கூடாதுன்னு," என்றார். அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சேர்த்து ஒன்று அதிகமாக வெட்டிக் கொடுத்தாள். அக்கா தன்னுடையதை என்னிடம் நீட்டினார்.

"குடிங்கக்கா. வேர்த்துக் கொட்டுது."

"குடிச்சா எங்கடீ போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் டோக்கனைக் கம்பெனியில் விட்டுவிட்டு வரவில்லை. கழுத்தில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். முன்னால் போகும் ஆண்கள் நினைத்த இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள். பேசிக்கொண்டே நின்றார்கள். எங்களுக்கு ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கும் ஒரு பரீட்சை. ஒன்றில் கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. ஒன்றில் தாழ்ப்பாள் இருக்கும், தண்ணீர் இருக்காது. நாலு வழிச் சாலை போடுகிறார்கள், சுங்கச்சாவடி கட்டுகிறார்கள், நடுவில் அரளிச்செடி வைத்து அதற்கு டேங்கர் லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த நாட்டில் அரளிச்செடிக்கு இருக்கும் ஏற்பாடு பெண்ணுக்கு இல்லை.

உண்மையான காரணத்தை நானும் ஒருமுறை கேட்டேன். செங்கம் போகும் பாதையில் மழை பிடித்துக்கொண்டு, மூடிய கடை ஒன்றின் தகரத்தடியில் ஒதுங்கி நின்றபோது.

"எதுக்குக்கா நெஜமாவே?"

முந்தானையைப் பிழிந்தபடி யோசித்தார். "யாரையும் கேக்காம கொஞ்ச தூரம் போய்ப் பாக்கணும்டீ. அவ்ளோதான். கம்பெனில கேக்கணும், வீட்டு ஓனரைக் கேக்கணும், ஜெனிக்கு டிசி வாங்கக்கூட அப்பன் கையெழுத்தக் கேக்கறான். இந்த ஹேண்டில் பாரு, நான் திருப்பினா திரும்புது."

திருக்கோவிலூரைத் தாண்டி பண்ருட்டி போகும் வழியில்தான் அது நடந்தது. அன்று காலையிலிருந்தே அக்காவுக்கு அடிவயிற்றில் வலி. மிதிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல், ஒரு புதர் கிடையாது. சாலையில் வண்டிகள் வந்தபடியே இருந்தன. ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. கழிப்பறைக் கதவில் பூட்டு.

"சாவி குடுப்பா."

"சாவி ஓனர்கிட்டம்மா."

"ஓனர் எங்க?"

"மெட்ராஸ்ல."

"அங்கருந்து இங்க வந்தாப்பா கக்கூஸ் போவாரு?"

பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சாவி வரவில்லை. அடுத்த பங்க் எங்கே என்று கேட்டால், டவுனில்தான் என்றார்கள். வெளியே வந்து சைக்கிளில் ஏறப் போன அக்கா, ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த நேரத்தில் வாழைத்தார் ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி டீசல் போட்டுவிட்டுக் கிளம்பியது. டிரைவரின் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கணவரைக் கேட்கவே இல்லை. "வண்டிய நிறுத்து," என்று மட்டும் சொன்னார். சைக்கிள்களை வாழைத்தார் மேல் போட்டோம். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். வெளியே வந்த அக்காவின் முகம் தெளியவில்லை. "எரியுதுடீ," என்றார். மருந்துக்கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

அன்று நாங்கள் விடியும் முன்பே கிளம்பிவிட்டதால், டெம்போவும் ஆண்களும் எங்களுக்கு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் வண்டியில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை வடலூருக்கு முன்னால் ஒரு சின்னக் கோவில் வளாகத்தில் தங்கினோம். செபமாலை முடிந்து எல்லோருக்கும் தட்டு போட்டார்கள். அக்கா தட்டின் முன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்:

"நான் இன்னைக்கு வண்டில ஏறினேன். பண்ருட்டி வரைக்கும்."

எட்வின் அண்ணன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "ஏம்மா? பஞ்சரா?"

"ஒண்ணுக்குப் போகணும். அடக்க முடியல. அதான் ஏறினேன்."

இத்தனை ஆண்கள் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. ஒருவர் ரசத்தை ஆராய ஆரம்பித்தார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் எட்வின் அண்ணன், மெதுவாக.

"சொன்னா? என்ன பண்ணியிருப்பீங்க, சுத்தி நின்னு பாட்டு பாடியிருப்பீங்களா?"

"ரூல்ஸ் இருக்கு ரோஸி..."

"ரூல்ஸ் தெரியாமயா சொல்றேன்? ஆனா ஒண்ணு கேக்கறேன். சிங்காரப்பேட்டை தாண்டி ஏத்தத்துல டெம்போ பின்கதவப் புடிச்சுக்கிட்டு ஒரு பத்து பேர் மிதிக்காம போனீங்களே, அது?"

"அது ஏறல. புடிச்சோம்."

"அப்ப நானும் வாழத்தாரப் புடிச்சுக்கிட்டுத்தான் போனேன்."

சமையலுக்கு வந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. எட்வின் அண்ணன் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து அக்காவின் சைக்கிள் அருகே நின்றார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. அக்காவே கொடியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.

"கொடி உங்களுது. சைக்கிள் என்னுது. நான் வரேன்."

மறுநாள் வெகு தூரம் மிதித்தார். அப்புறம், "கொடி இல்லாம ஹேண்டிலு மொட்டையா இருக்குல்ல?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் புலம்பவில்லை. ஆனால் பார்வை அடிக்கடி அந்தக் குச்சி இருந்த இடத்துக்குப் போய்வந்ததை நான் பார்த்தேன்.

சேத்தியாத்தோப்பு பக்கம் டீக்கடை நடத்தும் ஒரு பெண்ணிடம், இங்கே எங்காவது போக இடமிருக்கிறதா என்று கேட்டோம். "எனக்கே இல்லக்கா. நானே வூட்டுக்கு ஓடிட்டு ஓடியாறேன்," என்றவர், ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். பாதி டீயோடு உட்கார்ந்திருந்தவர்களிடம், "கல்லாவப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, "வாங்க, ஓடுவோம்," என்று புடவையைத் தூக்கிச் செருகினார். வரப்பில் மூன்று பேரும் ஓடினோம். அக்கா ஓடிக்கொண்டே சிரித்தார், "சிரிக்க வெக்காதீங்கடீ, போச்சு போச்சு" என்று கத்திக்கொண்டே சிரித்தார். என்னிடம் இருக்கும் அவருடைய புகைப்படங்கள் எதிலும் அந்த முகம் இல்லை.

வேளாங்கண்ணியில் கோவிலுக்குள் ஒரு சுற்று, பிறகு நேராகக் கடற்கரை. விடுதி அறைச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். கழிப்பறை உள்ள அறை. மணலில் உட்கார்ந்து ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். இன்னொன்று வாங்கி அதையும் குடித்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நான் செத்தா பொட்டி மேல என்னத்தடீ போடுவானுங்க? டெம்போ தார்ப்பாயையா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி இல்லை. கொடி அவருக்கு வேண்டியிருந்தது. நியாயமாகக் கிடைக்கவேண்டியது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்து வந்து போனது. முதுகில் வலி என்பார், ஸ்டூலைக் குறை சொல்வார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "டோக்கன் இல்ல டாக்டர்," என்றாராம் அக்கா. அவருக்குப் புரியவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த ஆடி மாதம் சிறுநீரகத்தில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் அதற்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. நான் அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு அதன் சின்னப் பெயர் தெரியும், மஞ்சள் நிறம் என்றும் தெரியும்.

கடைசியாக நான் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது, குரல் பாதியாகியிருந்தது. ஜெனிஃபரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொடி கேட்டுப் பாரு. குடுக்கலைன்னா நீ சண்ட போடாத. கோமதிய அனுப்பு. அவளுக்குச் சண்ட போடலைன்னா சோறு எறங்காது."

அக்கா போன அன்று அனுப்பினாள். போனேன்.

எட்வின் அண்ணன் அக்காவின் வீட்டு முன்னால், காசு வாங்காமல், ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நாற்காலி சுமந்துகொண்டிருந்தார். அவரோடு சண்டை போடுவது எளிதாக இல்லை.

"அண்ணே, கொடி."

"கோமதி, நீ வெளியாளு. உனக்குப் புரியாது." கயிற்றை விடாமலே பேசினார். "எங்கப்பா அச்சு முறிஞ்ச வண்டியத் தோள்ல தூக்கிட்டு சீர்காழில இருந்து காரைக்கால் வரைக்கும் நடந்தாரு. கால்ல ரத்தம். டெம்போ பின்னாலயே காலியா வருது. ஏறல. அவரு பொட்டி மேல போட்ட கொடியும் இதுவும் ஒண்ணா?"

"உங்கப்பா பெரிய மனுஷன்தாண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த வழியெல்லாம் அவருக்கு ஒதுங்க எடம் இருந்துச்சா இல்லையா?"

கயிறு கையிலேயே நின்றது. பிறகு, "ரூல்ஸ ஒருத்தருக்காக மாத்த முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார்.

அதனால் கோவிலுக்குள் பெட்டி வெறுமனே போனது. மேலே ஒரு பூமாலை. பேட்டைக்காரர்கள் எல்லோருடைய கண்ணும் அந்த வெற்றுப் பலகையில் இருந்தது. ஜெனிஃபர் மட்டும் அதைப் பார்க்காமல் எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக ஒருமுறை மூடியைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. எங்கள் லைன் பெண்கள். எனக்கு மட்டும் கிடைத்த அரை நாள் விடுப்பு அவர்களுக்குக் கிடைக்காமல், ஷிஃப்ட் முடிந்த கையோடு, கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். முன்னால் லட்சுமம்மா. கன்னடக்காரர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், சூப்பர்வைசர் எதிரில் வாய் திறந்து நான் பார்த்ததே கிடையாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டியருகே வந்தார். கோட்டுப் பையில் கையை விட்டு எதையோ எடுத்தார்.

மஞ்சள் தகடு.

ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். அக்காவின் தலையைக் கொஞ்சம் தூக்கி, செபமாலைக்கு மேலாக அதைக் கழுத்தில் மாட்டினார். கன்னத்தைத் தட்டினார்.

"ஹோகு ரோஸி," என்றார். "இன்னு யாரன்னூ கேளபேட."

போ ரோஸி, இனிமேல் யாரையும் கேட்காதே.

எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலாக அழுதார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்வின் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "என்னம்மா அது?" என்று கேட்டார். சொன்னேன். தகடு என்ன, ஆணி என்ன, பாட்டில் ஏன் நிறைந்தே வீட்டுக்குப் போகும், டாக்டர் கேட்டது என்ன. அவர் பெட்டி மூடிக்கு ஆணி அடிக்கப் போனவரைக் கைகாட்டி நிறுத்தினார். சட்டையின் உள்பையில் கைவிட்டு, நான்காக மடித்த ஒரு நீலத் துணியை எடுத்தார். காலையிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. அக்கா பல்லால் கடித்த இடம் மூலையில் கசங்கியிருந்தது.

அதைப் பெட்டிக்கு மேல் விரிக்கக் குனிந்தார். ஜெனிஃபர் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் அங்கிள். அம்மாவுக்குப் போட வேண்டியத ஆன்ட்டி போட்டுட்டாங்க." மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள். "இத நான் என் சைக்கிள்ல கட்டிக்கறேன். அம்மா சைக்கிள்ல. இந்த மாசமே. நீங்க முன்னாடி போய், வழியில எங்கெங்க கக்கூஸ் தொறந்திருக்குன்னு பாத்து வெச்சுட்டு வாங்க."

எட்வின் அண்ணன் தலையை ஆட்டினார். சரி என்றா, முடியாது என்றா என்று அப்போது தெரியவில்லை. இதை எழுதும்போது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் கிளம்பியிருக்கிறார். நேற்று பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எனக்குப் போன் செய்து, "அந்த பங்க்காரன் இன்னும் சாவி இல்லங்கறான் கோமதி, நான் நகர மாட்டேன்னு உக்காந்திருக்கேன்," என்றார்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை ஷிஃப்டில் ஆணி காலியாக இருந்தது. சூப்பர்வைசர் மேசைக்கடியில் குனிந்து தேடினார். "டோக்கன் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். லைனில் ஒரு தலையும் நிமிரவில்லை. லட்சுமம்மா வயர்க் கட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் ஆடாத ஸ்டூல் ஆளில்லாமல் இருந்தது.

நான் என் பாட்டிலைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சற்று நேரம் கழித்து எழுந்தேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். நான் எதையும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இன்னொரு ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

போய் வாங்க அக்கா. மணி அடிச்சுக்கிட்டே போங்க.